விபத்துக்குப் பிறகு லாரி வேலை: தானாகச் சொல்வதா, கேட்டால் சொல்வதா?

செக்கானூரணி டிரைவர்
2025 ஜூன் 9, இரவு 9.40

வணக்கம். வயது 40. பதினெட்டு வருடமாகக் கனரக வண்டி ஓட்டுகிறேன். கடைசி ஆறு வருடம் அரியலூரிலிருந்து மதுரைக்கு சிமெண்ட் லோடு, பத்துச் சக்கர டாரஸ். சென்ற ஆண்டு புரட்டாசி முடியும் நேரம், அதிகாலை மூன்றரை மணிக்கு, கொட்டாம்பட்டி வருவதற்குச் சற்று முன்னால், டயர் வெடித்து ஓரத்தில் நின்ற ஒரு லாரியின் பின்பக்கம் மோதிவிட்டேன். கேபினின் இடது பாதி உள்ளே வந்துவிட்டது. இடது கால் கிளட்ச் பெடலுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தகட்டை வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருக்கிறார்கள். நின்ற வண்டியின் கிளீனருக்குக் கை முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதுவரை என் பெயரில் ஒரு வழக்கும் கிடையாது.

இப்போது எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. லைசென்ஸ் கையில் இருக்கிறது, யாரும் ரத்து செய்யவில்லை. வண்டி ஓட்டலாம் என்று பங்குனியில் டாக்டர் சொல்லிவிட்டார். பழைய முதலாளி போனை எடுப்பதில்லை.

ஐந்து இடம் ஏறி இறங்கிவிட்டேன். முதல் மூன்று இடத்தில் நடந்ததைச் சொன்னேன். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். இரண்டு மாதமாக யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான்காவது இடத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் ஓடி வந்து, "கால் எப்படி இருக்கிறது? அன்றைக்குக் கொட்டாம்பட்டியில் உங்களைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்" என்று பாசமாகக் கேட்டார். பக்கத்திலேயே சூப்பர்வைசர். மதியத்துக்குள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாவது இடத்தில் நான் வாசலிலிருந்து மேஜை வரை நடந்ததைப் பார்த்தே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஆறாவது இடத்தில் விபத்தைப் பற்றி நானே முதலில் சொல்லவா, அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லவா?

டாரஸ் பாண்டி
ஜூன் 9, இரவு 10.15

கேட்டாலும் சொல்லாதே தம்பி. மதுரையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். நாமக்கல், சங்ககிரி பக்கம் போய்விடு. ஆயிரக்கணக்கில் வண்டி நிற்கிற ஊர்கள். உன் முகமும் தெரியாது, உன் காலின் கதையும் தெரியாது.

கப்பலூர் ஷெட்
ஜூன் 10, காலை 6.05

பாண்டி அண்ணன் மன்னிக்க வேண்டும். நான் நான்கு லாரி வைத்திருக்கிறேன். இருபது வருடம் நானே ஓட்டிவிட்டு முதலாளி ஆனவன். சங்ககிரிக்காரர்களுக்குக் கொட்டாம்பட்டி தெரியாது என்று நினைக்கிறீர்கள். அந்தச் சாலையில் இரவு முழுவதும் ஓடுவதில் பாதி அவர்கள் வண்டிதான்.

விபத்து நடந்த டிரைவரை முதலாளி ஏன் ஒதுக்குகிறான்? "இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்வார்கள். அது சாக்கு. நான் பயப்படுவது இரண்டே விஷயத்துக்கு. முதலாவது, இந்த ஆள் வெறுங்கையோடு வருகிறான். என்ன நடந்தது என்பதற்கு ஒரு தாள்கூட இல்லை. விபத்து நடந்து ஏழெட்டு மாதம் சும்மா இருந்தான் என்றால், காலுக்காக இருந்தானா, லைசென்ஸ் போய்விட்டதா, வேறெங்காவது உள்ளே இருந்தானா, எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது, அவனே அந்த விபத்தைப் புரிந்துகொண்டானா இல்லையா.

இந்த இரண்டாவதைத்தான் எந்தத் தாளும் காட்டாது. ஆகவே வருகிற எல்லாரிடமும் நான் ஒரு கேள்வி கேட்பேன். உங்களிடமும் கேட்கிறேன். டயர் வெடித்து நின்ற வண்டி என்கிறீர்கள். நம் ஊரில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவனுக்கு அடையாளமாக ஐம்பது அறுபது அடிக்குக் கல்லும் மரக்கொப்பும் போடாமல் எந்த டிரைவரும் ஜாக்கியைக் கையில் எடுக்க மாட்டான். அன்றைக்குக் கொப்பு போட்டிருந்தார்களா? நீங்கள் அதைப் பார்த்தீர்களா?

செக்கானூரணி டிரைவர்
ஜூன் 10, மதியம் 1.20

பதிலுக்கு நன்றி அண்ணே. தாள்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எஃப்.ஐ.ஆர். நகல். எதை எடுத்துக் காட்டுவது என்று தெரியாமல் பையை அப்படியே கொண்டு போய் மேஜையில் வைப்பேன். அதைப் பார்த்தே பயந்திருப்பார்களோ என்னவோ.

கால் இப்போது நன்றாக இருக்கிறது. மாடிப்படி ஏறுகிறேன். குளிர் நேரத்தில் மட்டும் கணுக்கால் இறுகும். வண்டிப் படியில் ஏறும்போது கஷ்டம் இல்லை, இறங்கும்போது பார்த்து இறங்க வேண்டும். நின்ற வண்டியில் பார்க்கிங் லைட் எரியவில்லை, பின்பக்க ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் முழுக்கச் சேறு. இது எஃப்.ஐ.ஆரில் ஒரு வரிகூட வரவில்லை.

கப்பலூர் ஷெட்
ஜூன் 10, மதியம் 1.45

சேற்றைச் சொன்னீர்கள். கொப்பைச் சொல்லவில்லை.

கோர்ட்டு வாசல்
ஜூன் 10, இரவு 8.30

மதுரையில் மோட்டார் விபத்து வழக்குகள் நடத்துகிறேன். செக்கானூரணி நண்பருக்கு முதல் வேண்டுகோள்: கொப்பைப் பற்றிய கேள்விக்கு இங்கே பதில் எழுத வேண்டாம். கேட்டவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார், எனக்குத் தெரிகிறது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது பத்துப் பேர் படிக்கும் இடத்தில் அதை எழுதக் கூடாது. முதலாளியிடம் நேரில் உட்கார்ந்து பேசுவது வேறு.

அடுத்தது வழக்கு. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்து என்பதால் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்ற பிரிவுகள் போட்டிருப்பார்கள். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நீதிமன்றத்துக்கு வெளியே யாராவது வந்து, "ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடு, ஒரே நாளில் வேலை முடிந்தது" என்பார்கள். டிரைவர்கள் லோடு போகிற அவசரத்தில் தலையாட்டிவிடுவார்கள். வேலை முடியாது, அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். அது தண்டனை, பதிவில் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், அபாயகரமாக ஓட்டியதாக ஒருமுறை தண்டனை ஆகிவிட்டால், அடுத்த விபத்தில் யாருக்காவது உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேர்ந்து வழக்குப் பதிவானதும் 21-ஆம் பிரிவின்படி உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டுவிடும். உங்களுக்கு முன்வழக்கு இல்லை என்பதால் இப்போது அந்தப் பிரிவு பொருந்தாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலர் 19-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுப்பதாக இருந்தால், உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்ட பிறகே எடுக்க முடியும். முடிவு எதிராக வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் சாக்கு என்று கப்பலூர்க்காரர் சொன்னது சரி. ஓட்டுநரிடம் அந்த வகை வண்டிக்கான செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா, அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டவரா என்பதுதான் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சட்டம் தரும் பிடி. முன்பு விபத்தில் சிக்கியவர் என்பது பிடி ஆகாது.

இப்போது நான் உங்களிடம் ஒரு கேள்வி. இழப்பீடு கேட்டு மனு போட்டீர்களா?

செக்கானூரணி டிரைவர்
ஜூன் 10, இரவு 9.10

இல்லை சார். மோதியவன் நான், எனக்கு எப்படி இழப்பீடு வரும்? பழைய முதலாளியும் அப்படித்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் இருபதாயிரம் கட்டினார். அதோடு சரி.

கோர்ட்டு வாசல்
ஜூன் 10, இரவு 11.50

நினைத்தேன். மதுரையில் பத்து டிரைவர் வந்தால் ஏழு பேர் இதையே சொல்கிறார்கள்.

மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் தன் தவறால் மோதிய ஓட்டுநர் தன் வண்டியின் காப்பீட்டிலிருந்து கேட்பது கடினம், உண்மை. ஆனால் நீங்கள் வேலையில் இருந்தபோது அடிபட்ட தொழிலாளி. 2024-இல் நடந்த உங்கள் விபத்துக்குப் பொருந்துவது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அதில் யார் மேல் தவறு என்ற கேள்வியே கிடையாது. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோதான் தடை. கவனக்குறைவு தடை அல்ல. அசதி தடை அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள்.

கணக்கு இப்படி. மாதச் சம்பளம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதில் அறுபது விழுக்காடு 9,000. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 16,57,530. காலால் உங்கள் சம்பாதிக்கும் திறன் இருபது விழுக்காடு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டால் 3,31,506 ரூபாய். சிகிச்சைக்கு ஆன செலவு தனி. வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்த காலத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சம்பளத்தில் கால் பங்கு தனி. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இருக்கும் ஆணையரிடம் மனு போட வேண்டும். பணத்தை முதலாளி பையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சம்பள ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பு வண்டியின் கட்டாயக் காப்பீட்டிலேயே அடங்கும். அவர் போனை எடுக்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

"வேலை இழப்பு" என்பதை அவரவர் தொழிலை வைத்துத்தான் பார்ப்பார்கள். காலை இழந்த ஒரு டேங்கர் லாரி ஓட்டுநரின் வழக்கில், இனி அவரால் ஓட்ட முடியாது என்பதால் நூறு விழுக்காடு இழப்பு என்பதை 2008-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நீங்கள் மறுபடி கனரக வண்டி ஓட்டப் போனால் உங்கள் விழுக்காடு குறைவாக மதிப்பிடப்படலாம். அதற்காக வீட்டில் உட்கார்ந்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது, அரிசி நாளைக்கே வேண்டும்.

திருமங்கலம் கிளீனர்
ஜூன் 11, காலை 7.30

புதுச் சட்டத்தில் டிரைவருக்குப் பத்து வருடம் ஜெயில் என்று எல்லாரும் சொல்கிறார்களே. அதனால்தான் நான் ஸ்டியரிங் பக்கமே போகாமல் கிளீனராகவே இருக்கிறேன்.

கோர்ட்டு வாசல்
ஜூன் 11, காலை 8.00

அது 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. விபத்தில் ஒருவர் இறந்து, ஓட்டுநர் போலீசுக்குச் சொல்லாமல் ஓடிவிட்டால் என்பதற்கானது. 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு அதை மட்டும் நடைமுறைக்குக் கொண்டு வராமல் வைத்திருக்கிறார்கள். செக்கானூரணி நண்பரின் விஷயத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அவரைத் தகட்டை வெட்டி எடுத்தார்கள், எங்கே ஓடுவது? மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவும் கூட்டம் அடிக்க வந்தால் அங்கேயே நில் என்று சொல்லவில்லை. காவல் நிலையத்துக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சொல் என்கிறது. நீங்கள் தைரியமாக ஸ்டியரிங் பிடிக்கலாம்.

உசிலம்பட்டி வீட்டம்மா
ஜூன் 11, மதியம் 2.40

நான் டிரைவர் இல்லை, டிரைவர் வீட்டில் இருப்பவள். என் வீட்டுக்காரருக்கும் மூன்று வருடம் முன்னால் இதே போல ஆனது. அவருக்கு வலது கால்.

அண்ணா, டாக்டர் சொன்னது "வண்டி ஓட்டலாம்" என்றா, "லாரி ஓட்டலாம்" என்றா? என் வீட்டுக்காரர் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதாக எடுத்துக்கொண்டார். ஆறாம் மாதமே லைன் வண்டி ஏறினார். பெங்களூரு போய்த் திரும்பி வந்தபோது ஷூவைக் கழற்ற முடியவில்லை. நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது. மறுபடி மூன்று மாதம் படுக்கை. முதல் முறை படுத்தபோது என் சங்கிலி அடகுக்குப் போனது. இரண்டாம் முறை தோடும் போனது. குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் கட்டுவதற்கு நான் செங்கல் சூளைக்குப் போனேன்.

உங்கள் வீட்டில் என்ன நிலைமை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாத ஆட்கள் வீட்டில் என்ன நிலைமை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

பரவை ஆக்டிங்
ஜூன் 11, இரவு 7.15

வீட்டம்மா சொன்னதைத் தாண்டி யாரும் எழுத முடியாது. இருந்தாலும் வழி என்று ஒன்று சொல்கிறேன்.

எடுத்தவுடன் நிரந்தர வேலை கேட்காதீர்கள். ஆக்டிங் போங்கள், அதாவது ஒரு நடைக்கு, ஒரு நாளைக்கு மாற்று டிரைவராக. எனக்கும் விபத்துதான். 2019-இல் வாடிப்பட்டி பக்கத்தில். ஒன்றரை வருடம் ஆக்டிங் ஓட்டித்தான் பெயரை மீட்டேன். பரவை மார்க்கெட் டீக்கடையில் அதிகாலை மூன்று மணிக்குப் போய் நின்றால் போதும். ஒட்டன்சத்திரத்திலிருந்து காய் ஏற்றி வந்த வண்டிகளில் ஒருவன் ராத்திரி முழுக்க ஓட்டிக் கண் எரிந்து நிற்பான், ஒருவனுக்கு வீட்டில் காது குத்து, ஒருவன் முதலாளியோடு சண்டை போட்டுச் சாவியை எறிந்துவிட்டுப் போயிருப்பான். "அண்ணே, ஆள் இருக்கிறதா" என்று டீக்கடைக்காரரைத்தான் கேட்பார்கள். அவருக்கு உங்கள் முகம் தெரிந்தால் போதும். ஒரு நாள் வாடகைக்கு ஆளை எடுப்பவன் பழைய கதை கேட்க மாட்டான். லைசென்ஸைப் பார்ப்பான், வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிப் பார்ப்பான். அவ்வளவுதான். ஒரே முதலாளிக்கு ஏழெட்டு முறை போனால், எட்டாவது முறை அவரே "உனக்குக் காலில் என்ன" என்று கேட்பார். அப்போது சொல்லுங்கள். அப்போது அது உங்கள் கதை, உங்கள் குறை இல்லை.

முதலில் சின்ன வண்டி எடுங்கள். குட்டியானை, நான்கு சக்கர ஈச்சர். கிளட்ச் மெத்தென்று இருக்கும். இப்போது மின்சாரக் குட்டியானை வந்திருக்கிறது, அதில் கிளட்ச்சே கிடையாது, இடது கால் சும்மா உட்கார்ந்து வரும். கௌரவம் பார்க்காதீர்கள். பத்துச் சக்கரம் ஓட்டியவன் குட்டியானையில் உட்கார்ந்தால் முதல் வாரம் பொம்மை வண்டி மாதிரி இருக்கும், இரண்டாவது வாரம் வாடகைக் காசு காசு மாதிரியே இருக்கும்.

சோழவந்தான் தம்பி
ஜூன் 11, இரவு 7.50

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான். நானும் குட்டியானை ஆக்டிங் போகலாமா?

கோர்ட்டு வாசல்
ஜூன் 11, இரவு 8.20

போகலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால் இலகுரக உரிமமே போதும், தனிப் பதிவு தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. மேற்கொண்டு கேட்பதாக இருந்தால் தனி இழை தொடங்குங்கள்.

செக்கானூரணி டிரைவர்
ஜூன் 13, இரவு 10.30

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. பரவை போயிருந்தேன். ஆக்டிங் அண்ணன் சொன்ன மாதிரியே நடந்தது. மூன்றே கால் மணிக்கு ஒருவர் ஈச்சர் சாவியைக் கையில் கொடுத்து, சிம்மக்கல் வரை தக்காளி இறக்கிவிட்டு வரச் சொன்னார். ஒன்பது கிலோமீட்டர் இருக்குமா? பதினெட்டு வருடம் ஓட்டியவன் நான்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். கால் ஒன்றும் செய்யவில்லை. கைதான். ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கை இரண்டும் நனைந்துவிட்டன. ரோட்டோரம் நிற்கிற ஒவ்வொரு வண்டியும் என் பக்கம் நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. நின்ற ஆட்டோ, நின்ற தண்ணீர் லாரி, எல்லாமே. பாத்திமா கல்லூரி தாண்டி ஓரம் கட்டி, பெட்ஷீட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தேன். திரும்பி வரும்போது விடிந்துவிட்டது, அப்போது ஒன்றும் இல்லை. இது போகுமா? டாக்டரிடம் சொன்னால் லைசென்ஸுக்கு ஆபத்து வருமா?

பரவை ஆக்டிங்
ஜூன் 13, இரவு 10.50

எனக்கு நான்கு மாதம் இருந்தது. முதலில் பகல் வண்டி மட்டும் எடுத்தேன். பிறகு பக்கத்தில் ஆள் வைத்து இரவு. பிறகு தனியாக. டாக்டரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். நான் சொன்னேன், தூக்கத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை போட்ட மறுநாள் ஸ்டியரிங் தொடக் கூடாது என்று அவரே எச்சரித்தார். அதை மறக்காதீர்கள்.

சிவப்புத் துண்டு
ஜூன் 14, காலை 9.00

நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கால், கை, கொப்பு, தாள் என்று எல்லாம் பேசிவிட்டீர்கள். அவர் அந்த அதிகாலை மூன்றரை மணிக்கு எத்தனையாவது மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு. எந்த முதலாளி கொடுக்கிறார்? கொப்பைப் பார்த்தாயா என்று டிரைவரைக் கேட்பவர், கண்ணைத் திறந்து வைத்திருக்க நேரம் கொடுத்தாயா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பலூர் ஷெட்
ஜூன் 14, காலை 9.40

தோழர், என்னைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் சட்டம் ஐந்து தொழிலாளர்களுக்கு மேற்பட்ட நிறுவனத்துக்கு. என்னிடம் இருப்பது நான்கு வண்டி. லோடு ஏற்றும் இடத்தில் இரண்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டு, இறக்கும் இடத்தில் "இன்றைக்கே வேண்டும்" என்கிறான். டீசல், டோல், டயர், தவணை. எட்டு மணி நேரம் பார்த்தால் வண்டியை விற்க வேண்டும்.

சிவப்புத் துண்டு
ஜூன் 14, காலை 9.55

ஐந்துக்கு மேல் அல்ல, ஐந்தோ அதற்கு மேலோ. நான்கு வண்டி, நான்கு டிரைவர். ஷெட்டில் ஒரு கிளீனராவது இருப்பார். எண்ணிப் பாருங்கள்.

கப்பலூர் ஷெட்
ஜூன் 14, காலை 11.20

எண்ணிவிட்டேன். ஆறு பேர்.

சரி. செக்கானூரணித் தம்பி, மஞ்சள் பை வேண்டாம். நான்கு தாள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வாருங்கள். லைசென்ஸ் நகல், அரசின் பரிவாஹன் இணையதளத்தில் அதன் நிலை இன்றைய தேதியில் என்ன என்று காட்டும் தாள், எஃப்.ஐ.ஆர். நகல், எலும்பு டாக்டரின் சான்று. டாக்டரிடம் "கனரக வாகனம் ஓட்டத் தகுதி" என்று அந்த வார்த்தையோடே எழுதி வாங்குங்கள். வீட்டம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. தலைநகரத்து அதிகாரிக்குக் காட்டுவது போல் கோட்டு சூட்டு எல்லாம் வேண்டாம், ஓட்டுகிற செருப்போடு வாருங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணி, சிட்கோ பின்வாசல். வேலை உண்டு என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

செக்கானூரணி டிரைவர்
ஜூன் 17, இரவு 8.45

நேற்றுப் போனேன். என்ன நடந்தது என்று கேட்டு நான்கு பேர் தனியாக எழுதியிருந்தீர்கள், அதனால் இங்கேயே சொல்கிறேன்.

தாளை அவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. முதலில் வண்டியில் ஏறி இறங்கச் சொன்னார். ஒருமுறை இல்லை, ஆறு முறை. ஏறுவதைப் பார்க்கவில்லை, இறங்கும்போது எந்தக் கால் முதலில் தரையில் படுகிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு ஷெட்டிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில், லோடு ஏற்றிய பழைய டாரஸை நிறுத்தச் சொன்னார். பின் சக்கரத்துக்குப் பின்னால் நான்கு விரல் தள்ளி ஒரு தீப்பெட்டியை வைத்தார். பிரேக்கிலிருந்து காலை எடு, வண்டியை முன்னால் எடு, பெட்டி நசுங்கக் கூடாது. நாங்கள் எல்லாம் வண்டி பழகிய காலத்து விளையாட்டு. முதல் முறை இடது கால் நடுங்கியது, கிளட்ச்சை அவசரமாக விட்டுவிட்டேன், வண்டி துள்ளி அணைந்தது. பெட்டி போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து இன்னொரு தீப்பெட்டியை எடுத்து வைத்தார். மூன்று பெட்டி கொண்டு வந்திருந்தார் என்று பிறகு பார்த்தேன். இரண்டாம் முறை பாதிக் கிளட்ச்சில் வண்டி நின்று, மெதுவாக முன்னால் போனது. பெட்டி அப்படியே இருந்தது. அதை எடுத்து பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, அந்தக் கேள்வியைக் கேட்டார். வக்கீல் சார் சொன்னபடி பதிலை இங்கே எழுதவில்லை. அவரிடம் சொன்னேன். அதற்கு முந்தைய இரண்டு நாளில் எத்தனை நடை அடித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதைக் கேட்டு இதுவரை மூன்று பேர் லைட் எரியவில்லை என்றுதான் சொன்னார்கள்" என்றார்.

இப்போதைக்கு ஆக்டிங். பகல் நடை மட்டும், தூத்துக்குடி வரை, பக்கத்தில் இன்னொரு டிரைவர். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் பற்றிப் பேசலாம் என்கிறார். இரவு வண்டி கேட்கக் கூடாது என்று அவரே கண்டிஷன் போட்டார்.

சிவப்புத் துண்டு
ஜூன் 17, இரவு 9.00

பக்கத்தில் இன்னொரு டிரைவரா? கப்பலூரில் புரட்சி வந்துவிட்டது.

கப்பலூர் ஷெட்
ஜூன் 17, இரவு 9.10

தோழர், மூன்று மாதத்துக்குத்தான். கணக்குப் பார்த்துவிட்டே சொன்னேன்.

செக்கானூரணி டிரைவர்
ஜூன் 26, மாலை 6.20

ஐந்து நடை முடிந்தது. தொழிலாளர் ஆணையரிடம் மனுவும் போட்டாயிற்று. மனு போட்ட மறுநாள் பழைய முதலாளி தானாகவே போன் செய்தார்.

ஒரு சந்தேகம். கேன்வாஸ் ஷூ போட்டால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரியவில்லை. செருப்பு என்றால் தெரிகிறது, ஆனால் எட்டயபுரம் வருவதற்குள் கணுக்கால் வீங்கிவிடுகிறது. கம்பி வைத்த காலோடு ஓட்டுகிறவர்கள் என்ன போடுகிறீர்கள்?

பரவை ஆக்டிங்
ஜூன் 26, மாலை 7.05

கணுக்காலுக்கு எலாஸ்டிக் கட்டு, அதற்கு மேல் பின்பட்டை உள்ள தோல் செருப்பு. அடி மெல்லியதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கினால் அடி தடிமனாக வரும். தைக்கிறவரிடம் காலைக் காட்டிச் சொல்லித் தைத்துக்கொள்ளுங்கள். அருப்புக்கோட்டையில் டீக்கு நிறுத்தும்போது கட்டை அவிழ்த்துப் பத்து நிமிடம் காலை டேஷ்போர்டு மேல் தூக்கி வையுங்கள். பக்கத்து டிரைவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.